மூடி டார்ச்சில்தான் இருந்தது

விரலைத் தின்ற மெஷினையே ஒருவன் தேடிப் போய், விலை பேசி, வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தால் அவனை என்ன சொல்வது? அவன் மனைவி வெளியே வந்தாள். வாசலில் நின்று, இரண்டு ஆட்கள் அந்த இரும்புப் பெட்டியை மூச்சு வாங்க இறக்குவதைப் பார்த்தாள். அவனுடைய இடது கையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். அன்றைக்குப் பாத்திரம் கழுவிய சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

அது ஒரு பிளாஸ்மா கட்டர். காற்றையும் கரண்டையும் ஒரு சின்னத் துளை வழியாகச் சேர்த்துத் துப்பி, கனத்த இரும்புத் தகட்டையும் துணி வெட்டுவதுபோல வெட்டித் தள்ளும் மெஷின். நல்ல நிலையில் இருந்தால். இது நல்ல நிலையில் இல்லை. மூன்று கை மாறி, கடைசியாக இரும்பு கேட் செய்கிற ஒருவரின் பட்டறை மூலையில், தலையில் பெயின்ட் டப்பாக்களைச் சுமந்துகொண்டு இரண்டு வருஷம் கிடந்தது. "ஃபேன் ஓடும், காத்து வரும், நெருப்பு மட்டும் வராது. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது" என்று கேட்காரர் முன்கூட்டியே ஒதுங்கிக்கொண்டார்.

வாங்கியவனுக்கு மறதி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை. பதினோரு வருஷமாக ஊருக்கும் உறவுக்கும் அவன் மறதிதான். அக்காவின் பிள்ளைகளுக்கு மறதி மாமா. அவன் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையில் முதலாளி, "மறதி, அந்த அரை இஞ்ச் போல்ட்டை எடு" என்பார். இவனும் "இதோ" என்று எடுத்துக் கொடுப்பான். கூப்பிட்ட பெயருக்கு முகம் சுளிக்கிற வழக்கமே அவனிடம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த வட்டாரத்திலேயே எதையும் மறக்காத ஆள் ஒருவன் உண்டென்றால் அது இவன்தான். தன் மண்டையை நம்ப முடியாது என்று முடிவு கட்டிவிட்டவன் வேறு என்ன செய்வான்? சட்டைப் பையில் எப்போதும் துண்டுச் சீட்டு இருக்கும். காலையில் கதவைப் பூட்டியதும் பூட்டை போனில் படம் பிடித்துக்கொள்வான். குழாயை மூடிவிட்டுத் திரும்ப வந்து ஒருமுறை தொட்டுப் பார்ப்பான். இத்தனை வருஷத்தில் ஒரு தீப்பெட்டி வாங்கக்கூட மறந்தது கிடையாது. ஆனாலும் அவன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், மனைவி எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வருவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே அவனுடைய அக்கா அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தாள்: "தங்கமான பிள்ளைம்மா. மறதி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. நீதான் ஒரு கண்ணு வச்சுக்கணும்."

அந்தப் பெயர் வந்ததும் இந்த மெஷினால்தான். அப்போது இது அக்காவும் அத்தானும் நடத்திய பட்டறையில் இருந்தது. அத்தானுக்கு வெல்டிங். அக்காவுக்கு மோட்டார் வைண்டிங், அதாவது எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலை. கரண்ட் சம்பந்தப்பட்டது எதுவானாலும் அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். தம்பிக்குத் தகடு வெட்டும் வேலை. அம்மா சீக்கிரமே போய்விட்ட வீட்டில் அவனுக்குத் தலை துவட்டி, சோறு ஊட்டி, ஆளாக்கியது ஒன்பது வயது மூத்த அந்த அக்காதான். பட்டறைக்குக் கூட்டிவந்து டார்ச்சைக் கையில் கொடுத்ததும் அவள்தான்.

டார்ச் என்பது மெஷினிலிருந்து நீளும் குழாயின் முனையில் உள்ள, விசை வைத்த கைப்பிடி. அதன் நுனியில் நெருப்பு வெளியேறும் செம்பு நாசில் ஒன்று இருக்கும், அதைக் கவ்விப் பிடிக்க ஒரு மூடி. நாசில் தேய்ந்துபோனால் மூடியைத் திருகிக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். மூடி கழன்ற நிமிஷமே மெஷின் தானாகச் செத்துவிடும், விசையை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அதற்கென்றே இரண்டு மெல்லிய ஒயர்களை டார்ச்சிலிருந்து உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான், அதைக் கண்டுபிடித்த புண்ணியவான். "மூடி வெளியே, மெஷின் ஊமை" என்று அக்கா சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அன்றைக்கு அவன் மூடியைக் கழற்றினான். மேஜையில், டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான். டார்ச்சைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, இடது கையின் இரண்டு விரல்களால் நாசிலைப் பிடித்து இழுத்தான். இழுத்த வேகத்தில் விசை தொடையில் அழுந்தியது. வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்தது. அதோடு சரி.

முதலில் ஓடிவந்தவள் அக்கா. அத்தானும் மற்றவர்களும் வந்து சேர்வதற்குள் மெயினை அணைத்துவிட்டு, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "மூடியக் கழட்டாமலே கைய விட்டுட்டானே" என்று அழுதாள். அவன் முனகினான், "கழட்டினேன்க்கா. மேஜைல வச்சேன்." எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். டம்ளர் மட்டும் இருந்தது. மூடி டார்ச்சில்தான் இருந்தது.

ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மேல்கணு போயிற்று. அது மட்டும் போயிருந்தால் தொலைகிறது என்று விடலாம். மூடியை வைத்தபோது டம்ளரில் அது இடித்த சத்தம்கூட அவனுக்கு ஞாபகம் இருந்தது. இவ்வளவு தெளிவாக இருக்கும் ஒன்று நடக்கவே இல்லையென்றால், அப்புறம் எதை நம்புவது? ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் படுத்தபடி அதையே யோசித்தான். ஒன்பது நாளும் அக்கா அவன் பக்கத்தை விட்டு அசையவில்லை. அதற்குள் அத்தான், இந்தச் சனியன் இனி என் கண்ணில் படக்கூடாது என்று மெஷினைக் கிடைத்த ஆளுக்குத் தள்ளிவிட்டார். வீட்டுக்கு வந்தவன் டார்ச்சைத் தொடவே இல்லை. போல்ட் எண்ணிப் போடும் வேலைக்குப் போனான்.

இப்போது எதற்காகத் தேடிப் பிடித்து வாங்கினான் என்று கேட்டால், அவன் யாரிடமும் சொல்லாத பதில் ஒன்று இருந்தது. இந்த ஒரு மெஷினை, தன் கையாலேயே, ஒரு படி தவறாமல் பிரித்துச் சேர்த்து ஓட வைத்துவிட்டால், தன் புத்தி தேறிவிட்டது என்று நம்பிக்கொள்ளலாம். இல்லையென்றால் கடைசிவரை மறதிதான். அதற்கு வேறு மெஷின் உதவாது, இதுதான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தாள். விஷயம் எப்படியோ காதுக்குப் போயிருந்தது.

"அதே மெஷினா?"

"அதேதான்க்கா. முன்னாடி கைப்பிடி உடைஞ்சிருக்குமே, அது."

அந்தப் பக்கத்திலிருந்து வார்த்தைகள் படபடவென்று வந்தன. "திறக்காதடா. நான் சொல்றதைக் கேளு. ஆஃப் பண்ணினாலும் உள்ள கரண்ட் தேங்கி நிக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே பையை எடுத்துட்டு வந்து பாத்துத் தரேன். அதுவரைக்கும் தொடாத. மறந்துபோய்த் தொட்டுடாத, என்ன?"

அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் எப்படிப் பதறுகிறாள் பார்! சரிக்கா, சரிக்கா என்று தலையாட்டிவிட்டுப் போனை வைத்தான். அவள் வருவதற்குள் மெஷினை ஓட வைத்து, அவள் முன்னாலேயே ஒரு தகட்டை வெட்டிக் காட்டி அசத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தான். அசட்டுப் பயல்.

வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு வண்டிக் கொட்டகை இருந்தது. வண்டி கிடையாது. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள யாரும் அவனை விடவில்லை. அங்கே ஓர் இரும்பு மேஜை, இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், கடை முதலாளி பழைய விலைக்குத் தந்த, காற்றடிக்கும் கம்ப்ரஸர். சுவரில் சாக்பீஸால் வரிசையாக எழுதினான். மெயின் பிளக் உருவ வேண்டும். அரை மணி காத்திருக்க வேண்டும். பல்பு வைத்துத் தேங்கிய கரண்டை இறக்க வேண்டும். கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவும் அதனதன் இடத்தைக் குறித்த காகிதத்தில் குத்தி வைக்க வேண்டும். இப்படிப் பதினெட்டு வரி. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு டிக்.

சனிக்கிழமை கடை விட்டு வந்ததும் மேல்தகட்டைக் கழற்றினான். உள்ளே இரும்புத் தூசி ஒரு விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தது. காற்றடித்து ஊதியதில் கொட்டகையே கறுப்பாகிப் போய், அவன் தும்மித் தீர்த்தான். கொடியில் காய்ந்த துணிகளை மனைவி எடுத்துப் போனாள். ஃபேனுக்கு எண்ணெய் விட்டான். காற்று வடிகட்டியில் துருத் தண்ணீர் நின்றது, கொட்டினான். நெருப்பு வராததற்குக் காரணம் ஞாயிறு காலையில்தான் பிடிபட்டது. ஆரம்பப் பொறியைக் கிளப்பிவிட உள்ளே இரண்டு சின்ன உலோக முனைகள் எதிரெதிரே நின்றன. அவை கரி பிடித்து, தேய்ந்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தன. சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் இப்படித்தான் நிற்பார்கள். பொடி உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கினான். கடையிலிருந்து கொண்டுவந்த மெல்லிய அளவுத் தகட்டை நடுவே நுழைத்து, இடைவெளியைச் சரியாக வைத்து முறுக்கினான். பதினாறாவது டிக் போட்டான்.

பிளக்கை மாட்டினான். ஃபேன் ஓடியது. எர்த் கிளிப்பைப் பழைய தகடு ஒன்றில் கவ்வவிட்டு, கறுப்புக் கண்ணாடியை இறக்கி, டார்ச்சைத் தகட்டின் ஓரத்தில் வைத்தான். விசையை அழுத்தினான். காற்று சீறியது, நீலமாக நெருப்பு பற்றியது, தகடு இரண்டாகப் பிரிந்து தரையில் விழுந்து கணீரென்றது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி, வெட்டுப்பட்ட துண்டையும் அவன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "நீங்களேவா?" என்றாள். "நானேதான்" என்றான். அவள் சிரித்துவிட்டாள். வெள்ளிக்கிழமையிலிருந்து முதல் சிரிப்பு. "இருங்க, டீ போடறேன்" என்று அவள் உள்ளே போனதும், அவன் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். பதினேழாவது டிக்.

பதினெட்டாவது வரி: மூடி சோதனை.

இது வேண்டாத வேலை என்று வேறு யாராவது விட்டிருப்பார்கள். அவன் விடுகிற ஆளா? வந்த டீயைக் குடித்துவிட்டு மூடியைத் திருகிக் கழற்றினான். மேஜையில் வைத்தான். மேஜையில் இருப்பதை போனில் படம் பிடித்தான். டார்ச்சை வைஸில் கட்டிவிட்டு, நாலடி தள்ளி நின்று, காய்ந்த துடைப்பக் கட்டையால் விசையை அழுத்தினான். ஊமையாக இருக்க வேண்டிய மெஷின் சீறியது. நாசிலின் நுனியில் நீலப் பொறி சடசடவென்று துள்ளியது.

கட்டையை எடுத்தான். படத்தைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான். மூடி மேஜையில்தான் இருந்தது. மறுபடியும் அழுத்தினான், மறுபடியும் சடசட.

பிளக்கை உருவி, அரை மணி காத்திருந்து (அந்த நிலையிலும் காத்திருந்தான்), மேல்தகட்டைத் திரும்பவும் கழற்றினான். டார்ச்சிலிருந்து வரும் அந்த இரண்டு மெல்லிய ஒயர்களை விரலால் தடவிக்கொண்டே பின்னால் போனான். அவை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை. பாதி வழியில் வெட்டப்பட்டு அநாதையாகத் தொங்கின. உள்ளே சர்க்யூட் பலகைப் பக்கம் மிச்சமிருந்த இரண்டு முனைகளை யாரோ ஒன்றோடொன்று முறுக்கி, உறை போட்டு, தடிமனான கேபிள் ஒன்றின் பின்னால் ஒளித்துக் கட்டியிருந்தார்கள். மூடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இருக்கிறது என்றே மெஷின் நினைத்துக்கொள்ளும். அதன் வாயை அடைப்பதற்குப் பதிலாகக் கண்ணைக் கட்டிவிட்டார்கள்.

முதலில் அவனுக்குக் கேட்காரர் மேல்தான் கோபம் வந்தது. பிறகு அவருக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் மேல். பிறகு கட்டியிருந்த விதம் கண்ணில் பட்டது.

ஒயரைச் சேர்த்தால் ஊரில் எல்லோரும் டேப் ஒட்டுவார்கள். டேப் சூட்டில் இளகிப் பிசுபிசுக்கும் என்று சொல்லி அதைக் கையாலும் தொடாத ஆள் ஒரே ஒருத்திதான். மோட்டார் காயிலைக் கட்டுகிற வெள்ளை நூலை எடுத்து, மூன்று சுற்று சுற்றி, நுனியைச் சுற்றுக்கு அடியில் திருப்பி இழுத்து, வால் தெரியாமல் பல்லால் கடித்து விடுவாள். ஒரு முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சு, அதற்கு மேல் ஒன்று. "ரெண்டு முடிச்சு வேலைக்கு, மூணாவது என் மனசுக்கு" என்பாள். அவன் பள்ளிக்கூடப் பை அறுந்தபோதும் அப்படித்தான் கட்டிக் கொடுத்தாள். நூல் பழுப்பேறியிருந்தது. முடிச்சு மூன்று இருந்தது.

இனிமேல் இவனை மறதி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் மூடியைக் கழற்றினான். மேஜையில், டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான். அதை எடுத்துத் திரும்ப மாட்டியது ஒரு கை. அங்கே முதலில் ஓடிவந்தது ஒரே ஒருத்திதான்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பதினோரு வருஷமும் வரிசையாக எதிரே வந்து நின்றது. உறவில் யார் வீட்டுக் கைக்குழந்தையையும் அவனோடு தனியாக விட யாரும் சம்மதிக்காதது. சட்டைப் பைச் சீட்டுகள். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பா. கை கால் விழுந்து படுத்த அப்பாவைத் தன்னிடம் வைத்துக்கொள்வதற்காக ஜன்னல் ஓரத்தில் கட்டில் போட்டு, மெத்தை வாங்கி, எல்லாம் தயார் செய்திருந்தான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. உனக்கு ஒத்துவராதுடா என்றாள். உறவில் எல்லோரும் அதையே சொன்னார்கள். கடைசியில் அவனும் சரிதான் என்று கட்டிலைப் பிரித்து வைத்துவிட்டான். அக்கா வீட்டில் இரண்டு வருஷம் கிடந்து அப்பா போய்ச் சேர்ந்தார். போவதற்கு முதல் நாள் பார்க்கப் போனபோது, குழறிய வாயால் அவர் அவனிடம் கேட்டது இதுதான்: "வீட்டைப் பூட்டினியாடா?"

ஐந்து மணிக்கு அக்கா வந்தாள். தோளில் வேலைப் பை. "எங்கடா அது?" என்று சிரித்துக்கொண்டே கொட்டகைக்குள் நுழைந்தவள், திறந்து கிடந்த மெஷினைப் பார்த்ததும் நின்றாள். அவன் அந்த ஒயர் கட்டை வெளியே இழுத்து, எல்லோருக்கும் தெரியும்படி மேஜைமேல் படிய வைத்திருந்தான். அவள் அதைப் பார்த்தாள். யார் வேலை இது என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நான் மூடியக் கழட்டினேன்க்கா" என்றான் அவன்.

"தெரியும்டா."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பதினோரு வருஷம் காத்திருந்தோமோ என்று அவனுக்குப் பட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், தலைமேல் இருந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது. அது இறங்கிய இடத்தில் கோபம் ஏறி உட்கார்ந்தது.

"சொல்லு."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அந்த மூடிக்குள்ள இருந்த கான்டாக்ட் லூஸாகிப் போச்சு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மெஷின் நின்னுடும். அவசர வேலை கையில இருந்துச்சு. புதுசு வர்றதுக்கு ஒரு வாரம் ஆகும்னாங்க. ஒரு வாரத்துக்குத்தானேன்னு நான்தான் ஒயரைச் சேத்துக் கட்டினேன். நீ அப்ப ரெண்டு நாள் காய்ச்சல்னு வரல. வந்ததும் உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

"சொல்லலையே."

"காலைல வந்த உடனே ஒரு மோட்டார் வந்துச்சு. அதுல உக்காந்துட்டேன்." அவள் குரல் உள்ளே போயிற்று. "மறந்துட்டேன்டா."

டீ டம்ளர்களோடு வந்த மனைவி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, அந்தக் கடைசி வார்த்தை மட்டும் நன்றாகக் கேட்டது.

"மறந்தது நீ" என்றான் அவன். கத்தவில்லை. "பேரு எனக்கு."

"பயந்துட்டேன்டா. நீ செத்துட்டன்னு நினைச்சேன். போலீஸு, கேஸு, அவர் என்ன சொல்வாரோ… என்ன பண்றோம்னே தெரியாம எடுத்து மாட்டிட்டேன். அடுத்த நாளே சொல்லிடணும்னு உன் கட்டில் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நீ கண்ணு முழிச்சு, 'நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் போல, என்னை மன்னிச்சிடுக்கா, உனக்கு வேற கஷ்டம் குடுத்துட்டேன்'னு சொன்ன. நீயே சொல்லிட்ட. அதுக்கப்புறம் நான் எப்படிடா வாயத் திறப்பேன்?"

"மன்னிப்புக் கேட்டவன்கிட்டயா திறக்க முடியல?"

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நிஜமாகவே அழுதாள். அதில் பொய் இல்லை என்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் ராப்பகல் பார்க்காமல் அவனுக்குச் சோறு ஊட்டியது இதே கைதான். அது அன்பா, பயமா, இரண்டும் கலந்த ஏதோ ஒன்றா என்று இனி எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அவளுடைய ஒவ்வொரு நல்லதையும் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. அவன் கையில் மிச்சம் ஒன்றும் நிற்கவில்லை.

"பேரு போனா போகட்டும். விரலும் போகட்டும்" என்றான். "அப்பாவ ஏன்க்கா எனக்குக் குடுக்கல? உனக்குத்தான் உண்மை தெரியுமே. ஊர்ல எல்லாரும் வேண்டாம்னு சொன்னாங்க, அவங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல? நான் கட்டிலெல்லாம் போட்டு வச்சிருந்தேனே. ஏன் குடுக்கல?"

அக்கா முந்தானையை விலக்கினாள். கண் சிவந்து, மூக்கு சிவந்து, இதுகூடப் புரியாதா என்கிற அதட்டலோடு, சின்ன வயதில் அவனை எப்படிப் பார்ப்பாளோ அப்படியே பார்த்தாள்.

"எப்படிடா குடுக்கறது? ஒரு நாளைக்கு ஏழு மாத்திரை. வேளை தப்பினா உசுரு போயிடும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. நீ பாட்டுக்கு மறந்துட்டா?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. நிலைப்படியில் ஒரு டம்ளர் தட்டில் உரசிச் சத்தம் போட்டது.

அவன் எழுந்து போய்க் கொட்டகைக் கதவை அகலத் திறந்தான். அவளுடைய பையை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் வாசல்வரை போய்த் திரும்பி, எப்போதும் சொல்வதைத்தான் சொன்னாள். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னாள்.

"போயிட்டு வரேன்டா."

பிறந்ததிலிருந்து அவளுக்கு அவன் சொல்லும் பதில் ஒன்றுதான், போயிட்டு வாக்கா. எவ்வளவு பெரிய சண்டையிலும் அதில் பாதியை விழுங்கியது கிடையாது. அந்த வீட்டில் யாரையும் யாரும் அப்படி வழியனுப்பியதில்லை.

"போ" என்றான்.